பச்சையாகத் தின்னக் கூடாத பழம்

ஸ்ட்ராபெரியில் ரசம் வைக்கலாம் என்று சொன்னால் கொடைக்கானலிலேயே யாரும் நம்புவதில்லை. ஜாம் என்றால் சரி என்பார்கள். மில்க் ஷேக், ஐஸ்கிரீம் என்றால் சப்புக்கொட்டுவார்கள். ரசம் என்றதும் முகம் போகிற போக்கே வேறு. என் வீட்டுக்காரர் முதல் நாள் டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "என்ன இது, கழனித்தண்ணி கணக்கா கெடக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "உங்களுக்குன்னு யாரும் வைக்கல" என்று டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அது என் தங்கைக்கு வைத்த ரசம். அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஏற்றுவார்கள், கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்புவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து எப்போதோ வந்துவிட்டவள். பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான்.

நோய் வருவதற்கு முன் வில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் பறித்து டப்பாவில் அடுக்கிவிட வேண்டும். ஏறிவிட்டால் விரல் பட்ட இடமெல்லாம் பழம் கன்றிப்போகும். பறித்ததில் பாதி டப்பாவுக்கு, பாதி அவள் வாய்க்கு என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். ஊர் பார்க்க வருகிறவர்கள் ஆசைப்படுகிற, முழுக்கச் சிவந்த பழத்தை அவள் சீண்டவே மாட்டாள். காம்புப் பக்கம் இன்னும் வெள்ளை மாறாத, பல் கூசுகிற பழம்தான் அவளுக்கு வேண்டும். உப்பையும் மிளகாய்த்தூளையும் ஒரு காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்திருப்பாள். மாங்காய் தின்கிற மாதிரியேதான் இதையும் தின்பாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் நிறுத்தச் சொன்னதே அதைத்தான். உடம்பில் கிருமியை எதிர்த்து நிற்கிற அணுக்கள் இப்போது இல்லை, பச்சையாக எதுவும் வாயில் படக் கூடாது, தோலுரிக்க முடியாத பழம் கிட்டவே வரக் கூடாது என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண். பொறுமையாகத்தான் சொன்னார், ஆனாலும் நான் முழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: "பத்தியம்னு வச்சுக்கங்கம்மா."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். பத்தியம் என்றால் எங்கள் வீடுகளில் விளையாட்டு கிடையாது. சிறு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வைத்தியர் சொன்ன பத்தியத்தில் உப்புக்கூடக் கிடையாது. எண்ணெய் இல்லை, புளி இல்லை, மோரும் சோறும்தான். கள்ளத்தனமாக ஊறுகாயை நக்கியதற்கு அம்மா என் முதுகில் போட்ட போடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்படி வளர்ந்தவளிடம் ஒருத்தியை ஒப்படைத்தால் அவள் எப்படிப் பார்த்துக்கொள்வாள்? தங்கைக்கு இட்லிப் பானையில் வெந்தது, கொதித்தது, அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வந்தது, இவ்வளவுதான் கொடுத்தேன். தண்ணீரைக் கூடக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுத்தேன்.

மருந்து அவள் நாக்கைக் கெடுத்துவிட்டது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். சோற்றிலும் அந்த வாடை, பாலிலும் அந்த வாடை. இனிப்பு என்றால் குமட்டல். நான் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவள். பெரிய பெரிய அண்டாவில் ஜாம் கிளறியிருக்கிறேன், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் புட்டிங் செய்து கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் இவளிடம் பலிக்கவில்லை. "புளிப்பா ஏதாச்சும் குடுக்கா" என்பாள். புளி ஊற்றிக் கொடுத்தால் வாய்ப்புண்ணில் பட்டுத் துடித்துப்போவாள்.

எதிர்வீட்டுப் பெண் வேலை முடிந்து வரும்போது விற்க முடியாத, அடிபட்ட பழங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவாள். அவளும் அதே தோட்டத்தில்தான் பறிக்கிறாள். என் தங்கையோடு ஒரே பாத்தியில் குனிந்து நிமிர்ந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்தது இங்கேதான், ஆனாலும் பேசினேன் என்று வராது, கதைத்தேன் என்றுதான் வரும். ஒரு நாள் அந்தப் பையை வைத்துக்கொண்டு யோசித்தேன். பச்சையாகத்தானே கூடாது, கொதிக்க வைத்தால்? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். நன்றாக வெந்தால் கொடுக்கலாம் என்றார்கள்.

அன்றைக்குத்தான் அந்த ரசம். காம்பைக் கிள்ளி, உப்புத் தண்ணீரில் அலசி, ஒன்றுக்கு இரண்டு தரம் கழுவி, பழத்தைக் கையாலேயே பிசைந்து கரைத்தேன். புளிக்குப் பதில் அந்தக் கரைசல். மிளகும் சீரகமும் மலைப்பூண்டும் தட்டிப் போட்டேன். சாதாரண ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். இதை அப்படி விட முடியாது, பழத்தின் பச்சை வாடை போகக் கொதித்தாக வேண்டும். நிறம்தான் பார்க்கச் சகிக்காது. சிவப்பெல்லாம் வெளுத்து ஒரு மாதிரிப் பழுப்பாகிவிடும். தங்கை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத் திக்கென்றது. "இரும்பு வாடை வரலக்கா" என்றாள். அன்று முழு டம்ளரையும் குடித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அடுப்பில் ஸ்ட்ராபெரி படாத நாள் குறைவு. வெல்லத்தைக் குறைத்துப் போட்டு, கடுகும் வரமிளகாயும் தாளித்து, மாங்காய்ப் பச்சடி மாதிரி செய்தேன். அது தேறியது. நல்லெண்ணெயில் தொக்கு போட்டேன். இந்தப் பழம் விடுகிற தண்ணீர் வற்றுவதற்குள் கை ஓய்ந்துவிடும், ஆனால் வற்றிய பிறகு வெந்தயப் பொடி தூவி இறக்கினால் இட்லிக்கு அதை விட ஒன்று இல்லை. சின்ன வெங்காயத்தோடு வதக்கி அரைத்த சட்னியும் நன்றாக வந்தது. பழுக்காத வெள்ளைக் காயைத் துவரம்பருப்போடு வேக வைத்துக் கடைந்தேன், அதுவும் இறங்கியது. பாயசத்தில் போட்டேன், பால் திரிந்துபோனது. பாலை ஆற வைத்து அப்புறம் சேர்க்க வேண்டும் என்று தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டேன். "நீ விடுதியில சமைக்கிற லட்சணம் இதுதானா" என்று சிரித்தாள். திரிந்ததைச் சர்க்கரை போட்டு நானே தின்று தீர்த்தேன்.

எவ்வளவு செய்தாலும் அவள் கேட்டது ஒன்றைத்தான். "ஒண்ணே ஒண்ணுக்கா. பச்சையா. உப்பு மொளகாப்பொடி தொட்டு." காலையில் கேட்பாள், நான் காம்பு கிள்ளும்போது எதிரில் உட்கார்ந்து கேட்பாள். கெஞ்சுவாள், கோபிப்பாள், பேசாமல் இருந்து பார்ப்பாள். "பத்தியம் முடியட்டும், ஒரு கூடை வாங்கிப் போடுறேன்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. அவள் பிழைத்து எழுவது நான் இந்தப் பத்தியத்தைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

ஒரு நாள் நான் வேலையிலிருந்து வெரசாக வந்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் தங்கையின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் கையில் ஒரு பழம், வாய்க்குப் பக்கத்தில். நான் பேசவெல்லாம் இல்லை, ஓங்கித் தட்டிவிட்டேன். பழம் சுவரில் பட்டு நசுங்கியது.

"சும்மா கதைச்சுக்கிட்டு இருந்தோம் அக்கா. அவ கேட்டா, மனசு கேக்கல" என்றாள் எதிர்வீட்டுப் பெண். 

"அவ செத்தா ஒன் மனசு கேக்குமா?" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆனாலும் அடிபட்ட பழப் பை மட்டும் வாசல் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். தட்டிவிட்டதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கு நடந்தாலும் தட்டித்தான் விடுவேன்.

தை மாதப் பனி கொஞ்சம் குறைந்த சமயம் மறுபடி மதுரைக்குப் போனோம். வத்தலக்குண்டு இறங்குவதற்குள், அவள் வாந்தி எடுக்க எடுக்க, வீட்டுக்காரர் வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்த வேண்டியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் வண்டியை நிழலில் விடப் போயிருந்த நேரத்தில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அறையில் நாங்கள் இரண்டு பேரும் அந்த டாக்டர் பெண்ணும்தான்.

எப்போதும் மேஜையைப் பார்த்துப் பேசுகிறவர் அன்றைக்குத் தங்கையைப் பார்த்துப் பேசினார். "இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். வலி இருந்தா மாத்திரை எழுதித் தர்றேன், அங்கேயே வாங்கிக்கலாம்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சாப்பாட்டுல இனிமே எந்தக் கட்டுப்பாடும் இல்லம்மா. அவங்களுக்கு என்ன ஆசையோ அதைக் குடுங்க" என்றார்.

"பத்தியம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"பச்சையாக் குடுக்கலாமா? ஸ்ட்ராபெரி?"

"குடுங்க" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீ நல்லா இருக்கணும் தாயி என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன். தங்கை, "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

இத்தனை மாதம் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்கலாம். தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பத்தியம் விட்டாச்சு என்றால் நோய் விட்டாச்சு என்றுதான் பொருள். எனக்குக் காமாலை போனதும் வைத்தியர் சொன்னது அதே சொல்தான்: "இனி பத்தியம் வேண்டாம், புள்ள கேக்குறதக் குடுங்க." அன்றைக்கு அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புளிக்குழம்பு வைத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். வைத்தியர் சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். சந்தேகப்பட எனக்கு என்ன இருந்தது?

திரும்பி ஏறும்போது வழி முழுக்க நான்தான் பேசினேன். தங்கை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அலைச்சல் என்று விட்டுவிட்டேன். பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு கூடை ஸ்ட்ராபெரி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து கழுவி, காம்புப் பக்கம் வெளுத்ததாகப் பொறுக்கி, ஒரு தட்டில் வைத்தேன். ஓரத்தில் உப்பு, மிளகாய்த்தூள். அவள் ஒன்றை எடுத்து, தொட்டு, கடித்தாள். பல் கூசி முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தின்றாள், அவசரமே இல்லாமல். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மறுநாள் தங்கையைத் தலைக்குக் குளிக்க வைத்தேன். முடியெல்லாம் கொட்டிப்போன தலை, மஞ்சள் தேய்த்து ஊற்றினேன். மிச்சம் இருந்த பழத்தை மசித்து, ரவையை நெய்யில் வறுத்து, கேசரி கிளறினேன். கலர்ப்பொடி போடாமலே சிவப்பாக வந்தது. தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பத்தியம் விட்டாச்சு என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அந்தப் பெண் கிண்ணத்தை வாங்காமல் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார், "அடுத்து எப்ப வரச் சொன்னாங்க?"

"வரவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கை தட்டிலேயே நின்றது. தங்கையைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்கிற மாதிரி. ரசம் ஊற்றவா என்று அவர் கேட்டதாகவும் இவள் வேண்டாம் என்றதாகவும் நானே நினைத்துக்கொண்டு சட்டியை எடுத்து வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு தினுசில் பறந்துகொண்டிருந்தேன். அடுத்த நடவுக்கு நீ வேலைக்குப் போய்விடலாம், தோட்டத்து மேஸ்திரியிடம் நான் பேசுகிறேன் என்று ஒரு காலையில் அடுப்படியில் நின்று சொன்னேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அப்போதே உதடெல்லாம் வெளுத்துத்தான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

"அக்கா" என்றாள். "அந்த டாக்டர் பொண்ணு சொன்னது ஒனக்கு நெசமாவே புரியலையா?"

"என்ன புரியல?"

"இனிமே ஏத்துறதுக்கு அவங்ககிட்ட மருந்து இல்லக்கா. அதான் பத்தியமும் இல்ல."

அடுப்பில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. வாயைக் கழுவு என்று கத்தினேன். ஒனக்கு என்ன தெரியும், நீ டாக்டரா என்று கத்தினேன். அவள் நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"முன்னாடியே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே இருந்த. எப்படிச் சொல்லுறது?" என்றாள். பிறகு, "தெருப்பூராக் கேசரி குடுத்துட்ட. இனி நான் எப்படிக்கா சாகுறது? வெக்கமா இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார முயன்றாள், முடியவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு முக்காலியிலேயே இருந்தாள்.

ஒவ்வொரு வீடாகப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அவள் விடவில்லை. "அப்படியே இருக்கட்டும்க்கா. சீக்காளியா இருந்தது போதும். வர்றவங்க மூஞ்சி இப்பதான் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். முன்பெல்லாம் வருகிறவர்கள் வாசலில் நின்று அவளைப் பார்ப்பார்கள், குரலைத் தாழ்த்தி என்னிடம் விசாரிப்பார்கள். இப்போது நேரே கட்டிலில் வந்து உட்கார்ந்தார்கள். உடம்பு இன்னும் ஏறவில்லையே என்று திட்டினார்கள். தோட்டத்துக் கதை, மேஸ்திரி கதை, யார் யாரோடு போனாள் என்கிற கதை எல்லாம் பேசினார்கள். அவளும் ஈடு கொடுத்தாள். அவர்கள் போன பிறகு வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். மாத்திரை கேட்கக்கூட வாய் வராது, கண்ணைக் காட்டுவாள்.

எதிர்வீட்டுப் பெண்தான் அதிகம் வந்தாள். விற்கிற பழத்திலேயே நல்லதாக எடுத்து வருவாள். "இப்ப அக்கா தட்டிவிட மாட்டா" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே ஊட்டுவாள். நானும் சிரிக்க வேண்டும். சிரித்தேன். அவள் ஊட்டிய பழத்தை, அவள் போன பிறகு தங்கை வாந்தியாக எடுப்பாள். ஏனத்தைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். சிவப்பைப் பார்த்தால் பழமா ரத்தமா என்று தெரியாது. கடைசியில் இரண்டும் இருந்தது.

பழமே இறங்காமல் போனதும் மறுபடி ரசம்தான். தெளிவை மட்டும் இறுத்துக் கரண்டியால் உதட்டில் விடுவேன். அதிலும் பாதி கடைவாயில் வழிந்துவிடும். பத்தியம் இருந்த காலத்தில் அவளுக்கு வைத்த ரசத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது. இப்போது வெறும் கைதான் வேலை செய்தது. ஆனாலும் மிளகைக் குறைக்காமல், பூண்டைக் குறைக்காமல், சரியாகவே வைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு காலை வெள்ளனே எழுந்து வெந்நீர் வைத்துவிட்டுப் போய் அவளைத் தொட்டேன். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. நெஞ்சில் காதை வைத்தேன், துடிப்பு கேட்கவில்லை. வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, எதற்கும் உள்ளூர் டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். நான் அவளுடைய வாயைத் துடைத்து, கையை நேராக வைத்து, போர்வையைச் சரி செய்தேன். அழுகை வரவில்லை. சத்தம் போட்டால் தெரு முழுக்க வந்துவிடுமே என்று மட்டும் தோன்றியது.

கதவைத் தட்டினார்கள். திறந்தேன். எதிர்வீட்டுப் பெண் வேலைக்குக் கிளம்பி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாய் நிறையச் சிரிப்பு. கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஸ்ட்ராபெரி. எல்லாம் காம்புப் பக்கம் வெளுத்தது.

"நேத்துப் பறிக்கையிலயே அவளுக்குன்னு பொறுக்கி வச்சேன் அக்கா. எந்திரிச்சுட்டாளா? ஒரு நிமிசம் கதைச்சுட்டுப் போறேன்" என்றாள்.

நான் முதலில் அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்.